நோவு தெரியாத நோய்களும் நிறுத்தக் கூடாத மருந்துகளும்



நமது வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள்ளே வாப்பாவின் கிளினிக் கொப்பி, உம்மாவின் பிரஷர் குளிசைகள், வளைகுடா நாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பெயர் விளங்காத மருந்து அட்டைகள் எல்லாம் கலந்து கிடக்கும். அடுத்த கிளினிக் நாள் வரும்போது அந்த டின் ஏறத்தாழ காலியாகியிருக்க வேண்டும். ஆனால் அது பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும் வீடுகளே அதிகம். "இப்போது சுகம்தானே, ஏன் சும்மா மருந்து குடிப்பான்?" என்று கேட்டு இடையில் நிறுத்தியிருப்பார்கள். வைத்தியர் விசாரிக்கும்போதோ, "ஒழுங்காகக் குடிக்கிறேன் டொக்டர்" என்று பதில் வரும். அவர் அதை நம்பி, கொடுத்த மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டி எழுதுவார். பின்னர் ஒரு நாள் பயம் வந்து அந்தக் கூட்டிய அளவை முழுமையாக விழுங்கும்போது, பிரஷர் திடீரெனக் குறைந்து தலை சுற்றிக் கீழே விழுவார்கள். பழி மருந்தின் மீது விழும். ஒரு சிறிய பொய்யிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இருதயம், சுவாசம், நரம்பு, சிறுநீரகம் ஆகிய நான்கோடும் தொடர்புடைய சாதாரண நோய்களுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகள் எவ்வாறு செயற்படுகின்றன, அவற்றை நம் இஷ்டப்படி நிறுத்துவதால் என்ன நேர்கிறது என்பதையே இங்கு நோக்கவிருக்கிறோம். உங்கள் வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலாக இதனைக் கொள்ள வேண்டாம். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இது உதவினால் போதுமானது.

முதலில் ஓர் அடிப்படையை விளங்கிக் கொள்வோம். தலைவலிக்கு பெரசிற்றமோல் குடிக்கிறோம். வலி போனதும் நிறுத்துகிறோம். அது சரியானது. வலியைப் போக்குவதே அந்த மருந்தின் வேலை. ஆனால் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் குளிசை எந்த வலியையும் போக்குவதற்காகக் கொடுக்கப்படுவதில்லை. அந்த நோயில் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை. எனவே அதைக் குடிப்பதால் நமக்கு எந்தச் சுகமும் தெரிவதில்லை. நிறுத்தினாலும் அன்றோ மறுநாளோ எந்தத் துன்பமும் தெரிவதில்லை. வாய்க்கால் கட்டு வெள்ளத்தைத் தடுத்து நிற்கும் காலமெல்லாம் வயல் காய்ந்துதான் இருக்கும். வயல் காய்ந்திருக்கிறதே என்று கட்டை வெட்டிவிடும் விவசாயி எவரும் இல்லை. குளிசை விடயத்தில் மட்டும் நாம் அதைச் செய்கிறோம்.

பிரஷர் எனும் அமைதியான நோய்

வைத்தியசாலையில் அளக்கும்போது 140க்கு 90 என்ற அளவுக்கு மேல் மீண்டும் மீண்டும் காணப்பட்டால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்கிறார்கள். மேலே உள்ள இலக்கம் இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களில் ஏற்படும் அழுத்தம். கீழே உள்ளது இருதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்து அழுத்தம். இந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவர்களைத் தாக்கிக் கொண்டிருந்தால் மூளையில் பாரிசவாதமாகவும், இருதயத்தில் மாரடைப்பாகவும், சிறுநீரகத்தில் செயலிழப்பாகவும் ஒரு நாள் வெளிப்படும். மேல் இலக்கத்தை மருந்தினால் 10 அளவு குறைத்தாலே பாரிசவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது என்று உலகின் பல பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். ஒரு சிறிய குளிசைக்கு இது பெரிய பலன்.

நமது அரச கிளினிக்குகளில் அடிக்கடி வழங்கப்படுபவை சிலவே. லொசார்ட்டன், எனலாப்ரில் ஆகியன குழாய்களை இறுக்கும் ஒரு சுரப்பின் வேலையைத் தடுக்கின்றன. அம்லொடிபின் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் போன்றவை உப்பையும் நீரையும் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. அட்டெனொலோல், பிசோபிரொலோல் போன்றவை இருதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்துக் கொடுப்பார்கள். "எனக்கு இரண்டு வகை எழுதிவிட்டார், நோய் முற்றிவிட்டது போலும்" என்று கலங்க வேண்டியதில்லை. இரண்டு மருந்துகளைச் சிறிய அளவில் கொடுப்பது, ஒன்றைப் பெரிய அளவில் கொடுப்பதை விடப் பெரும்பாலும் பக்க விளைவு குறைந்தது.

பக்க விளைவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனலாப்ரில் குடிக்கும் சிலருக்கு சளியில்லாத வறட்டு இருமல் வரும். அம்லொடிபின் குடிக்கும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இவை உண்மையான தொல்லைகள். நோயாளியின் கற்பனை அல்ல. ஆனால் இவற்றுக்கான பரிகாரம் மருந்தை ஓசையின்றி நிறுத்துவதில் இல்லை. "இந்தக் குளிசை தொடங்கிய பின் இருமுகிறேன்" என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் லொசார்ட்டனுக்கு மாற்றிவிடுவார்; இருமலும் போகும், பிரஷரும் அடங்கும். சொல்லாவிட்டால் இருமலுக்கு இன்னொரு பாணி மருந்து வாங்கிக் குடிப்பீர்கள்.

அட்டெனொலோல், பிசோபிரொலோல் போன்ற மருந்துகளில் இன்னும் ஒரு கவனம் தேவை. ஏற்கனவே இருதய நோய் உள்ளவர் இவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் துள்ளி எழுந்து நெஞ்சு வலியோ மாரடைப்போ ஏற்படலாம். நிறுத்த வேண்டியிருந்தாலும் வைத்தியர் படிப்படியாகவே குறைப்பார். இதே மருந்துகள் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடக் கூடியவை. எனவே பக்கத்து வீட்டு ஹாஜியாருக்கு நன்றாக வேலை செய்த பிரஷர் குளிசையை இரவல் வாங்கிக் குடிப்பது சிலவேளை உயிருக்கே உலை வைக்கும்.

மாரடைப்பு வந்து இருதயக் குழாயில் ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் வைக்கப்பட்டவர்களுக்கு அஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகிய இரண்டும் கொடுக்கப்படும். இரத்தத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி அந்த வலையை அடைத்துவிடாமல் இவை காக்கின்றன. பல் பிடுங்கப் போகிறோம் என்றோ, கத்னா வீட்டு வேலைகளில் மறந்தோ இவற்றை நிறுத்தியவர் மீண்டும் மாரடைப்போடு வரலாம். பல் வைத்தியரிடம் இக்குளிசைகளைப் பற்றிச் சொல்லுங்கள். இருதய வைத்தியரைக் கேட்டுத் தீர்மானிக்கட்டும். வார்பரின் குடிப்பவர்கள் இரத்தப் பரிசோதனைத் திகதியைத் தவறவிடக் கூடாது. அவர்களிற் பெரும்பாலோருக்கு ஐஎன்ஆர் எனும் அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் மறு வாரம் தினமும் மூன்று வேளை உண்பதே அளவைக் குழப்பும்.

இருதயத்துக்கு மருந்து கொடுப்பது நேற்று வந்த மேற்கத்தேய வழக்கம் என்று எண்ணும் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். 1037ஆம் ஆண்டு மறைந்த இப்னு ஸீனா இருதயத்துக்குரிய மருந்துகளைப் பற்றியே 'அல்அத்வியதுல் கல்பிய்யா' என்று தனி நூல் எழுதினார். இரத்தம் இருதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்பதை எழுதியவர் 1288இல் மறைந்த இப்னு நபீஸ். அரபுக் கல்லூரிகளில் அவரது பெயரைக் கேள்விப்படாமலே பட்டம் பெற்று வெளியேறுவோர் உண்டு என்பது வருத்தத்துக்குரியது. கருஞ்சீரகத்தைப் பற்றியும் அடிக்கடி கேட்கப்படுகிறது. அதன் சிறப்பைக் கூறும் ஹதீஸை நாம் ஏற்கிறோம். ஆயினும் வைத்தியர் கொடுத்த மருந்தை எறிந்துவிட்டு அதனை மட்டும் உண்ணுங்கள் என்ற கட்டளை அந்த ஹதீஸில் எங்கும் இல்லை.

பம்ப் குடித்தால் பழகிவிடுமா?

ஆஸ்துமா, முட்டு, தொய்வு என்று நம்மவர் அழைக்கும் நோயில் மூச்சுக்குழாயின் உட்சுவர் நீண்ட காலம் அழன்று வீங்கியிருக்கிறது. தூசு, புகை, குளிர், சளி ஏதேனும் பட்டவுடன் அக்குழாயின் தசை இறுகி மூச்சு விடுவது கடினமாகிறது. ஆக, இங்கே இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன: உள்ளே எப்போதும் இருக்கும் வீக்கம், இடையிடையே வரும் இறுக்கம். மருந்தும் இரண்டு வகை.

நீல நிற பம்பில் உள்ள சல்பியூட்டமோல் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் சுகம் தெரியும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும். கபில நிற பம்பில் பெரும்பாலும் இருக்கும் பெக்லோமெதசோன் உள்வீக்கத்தை ஆற்றுகிறது. அதைக் குடித்தவுடன் எந்தச் சுகமும் தெரியாது. நாட்கள், வாரங்கள் சென்றே பலன் தெரியும். இதன் காரணமாக நம் பிள்ளைகள் நீலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கபிலத்தை மேசை லாச்சியில் போட்டுவிடுகிறார்கள். சுகம் தருவது நீலமாகவும் உயிரைக் காப்பது கபிலமாகவும் இருப்பதே இந்த நோயின் சிக்கல். நீல பம்பை மாத்திரம் நம்பி வாழ்வது ஆபத்தானது என்பதனால், 2019இலிருந்து சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டல் பெரியவர்களுக்கும் கட்டிளம் பருவத்தினருக்கும் அதனைத் தனியே பரிந்துரைப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் நீல பம்ப் ஒன்று முடிந்துவிடுகிறது என்றால், பிள்ளையின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. உடனே வைத்தியரைக் காண வேண்டும்.

"பம்ப் குடித்தால் பழகிவிடும், குளிசையே மேல்" என்று எத்தனையோ தாய்மார் சொல்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். சல்பியூட்டமோல் பம்பின் ஒரு தெறிப்பில் 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தின் குளிசையில் 2 அல்லது 4 மில்லிகிராம். அதாவது குளிசையில் 20 முதல் 40 மடங்கு. குளிசை வயிற்றுக்குள் சென்று, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, கடைசியாகச் சிறிதளவே நுரையீரலை அடைகிறது. பம்ப் நேரே உரிய இடத்தை அடைகிறது. பிள்ளைக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்க விரும்பும் தாய் பம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைக்கு பம்ப் இருப்பது தெரிந்தால் சம்பந்தம் வராது என்ற பயம் வேறு. அந்தப் பயத்தினால் கலியாண வீட்டில் மூச்சுத் திணறும் பிள்ளை பம்பை எடுக்காமல் அறைக்குள் ஒதுங்கி நிற்கிறாள். ஆஸ்துமாவினால் ஏற்படும் மரணங்கள் கடும் ஆஸ்துமா உள்ளவருக்கு மட்டும் வருவதில்லை. இலேசான ஆஸ்துமா என்று எல்லோரும் எண்ணியிருந்தவருக்கும் வருகின்றன.

பாவிக்கும் முறையும் முக்கியம். பம்பைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, ஏறத்தாழ பத்து வினாடி அடக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் எனும் குடுவையோடு கொடுப்பதே சரி. கபில பம்ப் பாவித்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிடில் வாயில் வெண்படலம் வரும்.

வலிப்பும் வெட்கமும்

நான்கிலும் மிகக் கவலைக்குரியது இதுவே. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. மூளையின் நரம்புக் கலங்களில் இயற்கையாக ஓடும் மின்சாரம் ஒரு கணத்தில் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே வலிப்பு. சரியான மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. படிக்கலாம், தொழில் செய்யலாம், மணமுடிக்கலாம், பிள்ளை பெறலாம்.

பினோபார்பிட்டோன் 1912இலிருந்தும், பெனிட்டோயின் 1938இலிருந்தும் இந்நோய்க்குப் பயன்படுகின்றன. பின்னர் கார்பமசபின், சோடியம் வல்புரோயேட், அண்மைக் காலத்தில் லெவெட்டிரசெட்டம் ஆகியவை வந்தன. இவை யாவும் இரத்தத்தில் ஒரு குறித்த அளவில் தொடர்ந்து இருக்கும்போதே காக்கும். இரண்டு மூன்று வேளை தவறினால் அந்த அளவு இறங்கும், வலிப்பு வரும். திடீரென முற்றாக நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வந்து, இடையில் உணர்வு திரும்பாத நிலை ஏற்படலாம். அது மரணத்தில் முடியக்கூடிய அவசர நிலை.

இனி நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். மகளுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்தது, குளிசையால் அடங்கியது. பல வருடமாக ஒன்றுமில்லை. சம்பந்தம் பேசுகிறார்கள். பெற்றோர் மறைக்கிறார்கள். நிகாஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியில் குளிசையை எங்கே ஒளிப்பது என்று தெரியாத பிள்ளை அதை விட்டுவிடுகிறாள். கலியாண வீட்டின் நித்திரையின்மை வேறு. நித்திரைக் குறைவு வலிப்பைத் தூண்டும். சில நாட்களில் எல்லோர் முன்னிலையிலும் விழுகிறாள். பிறகு "ஜின் பிடித்த பிள்ளையைக் கட்டித் தந்துவிட்டார்கள்" என்ற பேச்சு. பெற்றோரே, உங்கள் மகளை அந்த இடத்தில் தனியாக விட்டவர் யார்? சம்பந்தம் பேசும்போதே சொல்லுங்கள். வைத்தியரிடம் இரு வீட்டாரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். விலகிச் செல்பவர் செல்லட்டும். குளிசையை அறிந்து ஏற்றவரோடு உங்கள் பிள்ளை நிம்மதியாக உறங்குவாள்.

வலிப்பு வந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. விழும்போது தம் ஆடை விலகுவதே அப்பெண்ணின் பெரும் கவலையாக இருந்தது. அதற்காக நபியவர்கள் துஆச் செய்தார்கள். அவரைக் கேவலமாக நோக்கவுமில்லை, ஒதுக்கவுமில்லை. சுவர்க்கத்துக்குரியவர் என்று சஹாபாக்களால் சுட்டிக்காட்டப்பட்ட பெண்மணி அவர். அப்படியிருக்க இந்த நோயை வெட்கத்துக்குரியதாக்கியது நாமே. ஓதிப் பார்ப்பதற்கும் குளிசை விழுங்குவதற்கும் இடையில் மார்க்கம் எந்தப் போட்டியையும் வைக்கவில்லை. மருந்தை நிறுத்தினால்தான் ஓதுவேன் என்று நிபந்தனை போடுபவரின் வாசற்படியை மிதிக்காதீர்கள்.

வல்புரோயேட் குடிக்கும் பெண்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை உண்டு. கர்ப்ப காலத்தில் இதைக் குடித்தால் 100க்கு ஏறத்தாழ 10 குழந்தைகள் பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கல்வியிலும் பின்னடைவு காணப்படுகிறது. எனவே கலியாணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் சென்று வேறு மருந்துக்கு மாறுவது பற்றிப் பேச வேண்டும். கர்ப்பம் தெரிந்த பின் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் தாயும் சேயும் இருவருமே ஆபத்துக்குள்ளாவர். இதையும் மறைத்தலே கெடுக்கிறது.

ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் கையில் திறப்புக் கோவையைத் திணிப்பதோ, பல்லிடையே கரண்டியைச் செருகுவதோ எந்தப் பயனும் தராது, பல்தான் உடையும். பக்கவாட்டில் சாய்த்து, தலைக்கடியில் மெதுவான ஏதேனும் வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் ஆரம்பிக்கப்பட்ட சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலும் அதே இலக்கம்தான். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பாரிசவாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏற்ற முடியும். எண்ணெய் தேய்ப்பதில் அந்த நேரம் கழிந்துவிடக் கூடாது.

"பிரஷர் குளிசை குடித்தே கிட்னி பழுதானது"

இந்த வாக்கியத்தை ஜனாஸா வீடுகளில் கேட்காதவர் இருக்க மாட்டார். மக்கள் ஏன் இவ்வாறு நம்புகிறார்கள் என்பதும் விளங்கக் கூடியதே. பத்து வருடம் குளிசை குடித்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணம் என்று மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் சிறுநீரகத்தைச் சிதைத்தவை கட்டுப்படாத பிரஷரும் சீனி வருத்தமும். லொசார்ட்டன், எனலாப்ரில் போன்றவை சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளே உள்ள அழுத்தத்தைக் குறைத்து, சிறுநீரில் புரதம் கசிவதைத் தணிக்கின்றன. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரில் லொசார்ட்டன் அப்பாதிப்பின் வேகத்தைக் குறைக்கிறது என்பது 2001இல் வெளியான ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. 2020இலிருந்து டபாகிளிபுளோசின் எனும் இன்னொரு மருந்தும் சீனி வருத்தம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இவ்வாறே உதவுவது தெரியவந்துள்ளது. காக்கும் மருந்தைக் கொலைகாரனாக்கி நிறுத்திவிட்டு, உண்மையான கொலைகாரனை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

அந்த இன்னொருவன் மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் பார்மசியில் வாய்ச்சொல்லில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகை. இவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன, பிரஷரையும் ஏற்றுகின்றன. லொசார்ட்டனும் நீர் போகும் குளிசையும் குடிக்கும் ஒருவர் இதையும் சேர்த்துக் குடித்தால், மூன்றும் கூடி நல்ல சிறுநீரகத்தையே சில நாட்களில் முடக்கிவிடலாம். உம்மாவின் முழங்கால் நோவுக்கு எதைக் கொடுக்கலாம் என்று கிளினிக் வைத்தியரிடமே கேளுங்கள்.

வயிற்றோட்டமும் வாந்தியும் வந்து உடலில் நீர் வற்றிய நாட்களில் லொசார்ட்டன், நீர் போகும் குளிசை, மெட்போமின் போன்றவற்றைச் சில நாள் தற்காலிகமாக நிறுத்தும்படி வைத்தியர் கூறுவதுண்டு. இதனை முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர் காமரங்காய், பிலிங்காய் இரண்டையும் தொடக் கூடாது. செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அதையும் கேட்டே குடிக்க வேண்டும்.

அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் வாசகர்களுக்கு ஒரு சொல். 1990களிலிருந்து அங்கே விவசாயிகளிடம் காணப்படும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயில் பிரஷரோ சீனியோ இல்லாமலே சிறுநீரகம் பழுதடைகிறது. இரத்தத்தில் கிரியட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்ப்பதே அதை அறியும் வழி. பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய விசேட வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. வேலைக்குப் போகும் இளைஞர்கள் உட்பட எவரும் வருடத்துக்கொரு முறை இந்தப் பரிசோதனையைச் செய்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

குளிசையின் உண்மையான பெயர்

இளைஞர்களே, இந்தப் பகுதி உங்களுக்குரியது. வாப்பா அரச கிளினிக்கில் ஒரு தடவையும், தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி ஒரு தடவையும் மருந்து எடுக்கிறார். இரண்டு அட்டைகளிலும் கம்பனிப் பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருப்பதோ ஒரே லொசார்ட்டன். அவர் இரண்டையும் குடிக்கிறார். இன்னொரு மாதம் கிளினிக்கில் வேறு நிறத்தில் குளிசை தருகிறார்கள். "இது என் குளிசை இல்லை" என்று அவர் குடிக்காமலே விடுகிறார். மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2022இல் இக்குழப்பம் மேலும் பெருகியது. நம் நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று பாடுபட்டார். அந்தப் பொதுப் பெயர் ஒவ்வோர் அட்டையிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு தாளில் பொதுப் பெயர், அளவு, நேரம், எதற்காக என்பதை எழுதி, எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்டச் செய்யுங்கள். வலிப்புக் குளிசையில் மட்டும் கம்பனி மாறினால் வைத்தியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கப்ஸ்யூல் உறையிலுள்ள ஜெலட்டின் ஹலாலா என்ற ஐயத்தால் மருந்தை நிறுத்துவோரும் உண்டு. முதலில் அதே மருந்து குளிசையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். மாற்று இல்லாத அவசிய நிலைக்கு மார்க்கத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. அதை ஓர் ஆலிமிடம் கேட்காமல் நீங்களே தீர்ப்பளித்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

ரமழானும் மருந்து நேரமும்

நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பில் சலுகை இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் கூறுகின்றன. அச்சலுகை தமக்கல்ல, வேறு யாருக்கோ என்று நம் முதியவர்கள் எண்ணுகிறார்கள். மருந்தை விட்டு நோன்பைப் பிடிப்பதைப் பக்தியின் உச்சம் என்று சிலர் புகழ்ந்தும் விடுகிறார்கள். இப்புகழ்ச்சி வேண்டாம்.

நமது நாட்டில் நோன்பு நேரம் 13 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு ஒரு வேளை குடிக்கும் பிரஷர் குளிசையை நோன்பு திறந்த பின்னோ ஸஹரிலோ மாற்றுவது பெரும்பாலும் இலகு. நீர் போகும் குளிசையை ஸஹரில் குடித்தால் பகல் முழுதும் தாகமும் களைப்பும் வரும். மாலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். இரு வேளை மருந்தில் இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே ஏறத்தாழ பத்து மணித்தியாலமே கிடைக்கிறது. சில மருந்துகளுக்கு அது போதும், வலிப்பு மருந்து சிலவற்றுக்குப் போதாமல் போகலாம். மூன்று வேளை மருந்தை இரவுக்குள் அடுக்கிக் குடிப்பது கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் வேறு வகை உண்டா என்று கேட்க வேண்டும். நடுக்குவாதத்துக்கு லெவோடோபா குடிப்பவர், முற்றிய சிறுநீரக நோயாளி, அண்மையில் மாரடைப்பு வந்தவர் ஆகியோர் வைத்தியரின் தெளிவான அனுமதியின்றி நோன்பு நோற்கக் கூடாது. இவற்றையெல்லாம் கேட்பதற்குரிய காலம் ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்னராகும். தலைப்பிறை கண்ட இரவல்ல.

நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை, எதுவும் விழுங்கப்படாத வரை, நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் தீர்மானித்தது. ஆஸ்துமா பம்பைப் பற்றி அந்த அமர்வு முடிவு கூறாமல் ஒத்தி வைத்தது. நோன்பு முறியாது என்ற கருத்து இப்னு பாஸ், இப்னு உஸைமீன் போன்றோருடையது. முறியும் என்போரும் உளர். உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுச் செயற்படுங்கள். ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் பம்பை எடுக்கக் கூடாது என்று இரு சாராரில் எவரும் சொல்லவில்லை. முறியும் என்ற கருத்தைப் பின்பற்றுபவர் பம்பைப் பாவித்துவிட்டு அந்நாளைப் பின்னர் களாச் செய்வார். சுகமடையும் நம்பிக்கையில்லாத நிரந்தர நோயாளியோ ஒவ்வொரு நாளுக்கும் பித்யா கொடுப்பார். ஷாபிஈ மத்ஹபில் அது ஒரு நாளுக்கு ஒரு முத்து அளவு உணவாகும். இன்றைய அரிசி விலையில் அதன் பெறுமதியை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டறிந்து கொள்ளலாம்.